பனியில் எந்த ஃபியூஷியா தப்பிக்கிறது

ஃபியூஷியா என்றாலே குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் தூக்கி வைக்க வேண்டிய செடி என்று இங்கிலாந்தில்கூட நிறைய பேர் நினைக்கிறார்கள். எல்லா வகையும் அப்படியில்லை. சிலி, அர்ஜென்டினாவின் தென்கோடியில் வளரும் மகெல்லானிகா இனத்தின் ரத்தம் எதில் அதிகமோ அது தாங்கும். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலிலும் அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் அதைத்தான் வேலியாகவே வளர்க்கிறார்கள்.

என் தோட்டம் தென்கிழக்கு இங்கிலாந்தில், களிமண். என் சோதனை எளிது: மண்ணில் நட்டுவிட்டால் அப்புறம் தோண்டி எடுப்பதில்லை. உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, ஜூலை முடிவதற்குள் பூக்கவும் வேண்டும். அக்டோபரில் நாலு பூ காட்டும் செடியால் எனக்கு என்ன பயன்?

2022 டிசம்பரில் ஒரு வாரத்துக்கும் மேலாக விடாமல் உறைபனி அடித்ததே, அதுதான் உண்மையான பரீட்சை. மிசஸ் பாப்பிள், ரிக்கார்ட்டோனி என்ற இரண்டு வகைகளும் தரைக்கு மேலே முழுக்கக் காய்ந்து குச்சியாகிவிட்டன, ஆனால் மே மாதம் அடியிலிருந்து தடிமனான சிவந்த துளிர்கள் கிளம்பி வந்து, ஜூலையில் பழையபடி பூத்தன. டாம் தம்ப் முழங்கால் உயரம்கூட வராது, 1850இலேயே பிரான்சில் உருவான வகை, இதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் பூத்தது. வெள்ளைப் பூ வேண்டுமென்றால் ஹாக்ஸ்ஹெட். தாலியா என்ற வகை மட்டும் வேரோடு போய்விட்டது. அதன் மூலமான டிரைபில்லா இனம் கரீபியனில் ஹிஸ்பானியோலா தீவைச் சேர்ந்தது, உறைபனியை அது எங்கே பார்த்திருக்கப் போகிறது!

வகையைப் போலவே நடும் விதமும் முக்கியம். மே கடைசியில் நட்டால் குளிருக்குள் வேர் நன்றாகப் பிடித்துவிடும். தொட்டியில் இருந்ததைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் ஆழமாக, தண்டின் அடிப்பகுதி புதையும்படி நட வேண்டும், ஏனென்றால் மேலே எல்லாம் செத்தாலும் மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்துதான் புதுத் துளிர் வருகிறது. களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் பனியைவிட அழுகல்தான் முதலில் கொல்லும், அதனால் நான் கொஞ்சம் மேடாக்கி, பொடிக்கல் கலந்து நடுகிறேன். காய்ந்த குச்சிகளை இலையுதிர் காலத்தில் வெட்டாதீர்கள், அடிப்பகுதிக்கு அதுவே ஒரு மறைப்பு. ஏப்ரலில் வெட்டலாம். ஜூன் வரைக்கும் எதையும் செத்துவிட்டது என்று பிடுங்கவும் வேண்டாம்.

இந்த வருடம் ஜீனி என்ற வகையை நட்டிருக்கிறேன். வெயில் பட்டால்தான் அதன் இலை நல்ல மஞ்சளாக இருக்கும், அதனால் தெற்குச் சுவரோரம் இடம் கொடுத்திருக்கிறேன்.