தூளிக்குள் தண்ணீர் வரும் வழி

அமெரிக்காவின் நெடுந்தூர மலைவழியான அப்பலாச்சியன் நடைபாதையில் கூடாரத்துக்குப் பதிலாகத் தூளிப் படுக்கையைச் சுமந்து, ஜார்ஜியாவிலிருந்து வடக்கு நோக்கி நடப்பவர்களுக்கு, ஈரம் என்றால் என்ன என்பதைக் கிரேட் ஸ்மோக்கி மலைகள் நன்றாகவே உணர்த்திவிடும். 2,025 மீட்டர் உயரமுள்ள குவோஹியை ஒத்த சிகரங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் மழை பெய்கிறது. தங்குகுடில்களுக்குள் தூளி கட்டவும் அங்குள்ள தேசியப் பூங்காவின் விதிகள் இடம் தருவதில்லை.

மழைக்குப் பெரிய தார்ப்பாய் இருந்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். 3.3 மீட்டர் நீளத் தூளியைச் சற்றுத் தொய்வாகக் கட்டும்போது, அதன் இரு முனைகளுக்கும் இடையே சுமார் 2.75 மீட்டர்தான் இருக்கும் என்பதால், 3.6 மீட்டர் தார்ப்பாய் இருபுறமும் ஏறத்தாழ ஒரு முழம் கூடுதலாக மூடிவிடும். ஆனாலும் முதுகு நனைகிறது என்றால், தூளியை மரத்தோடு பிணைக்கும் நாடாவான கட்டுப்பட்டை வழியாகத் தண்ணீர் வருகிறது என்று பொருள். பீச் போன்ற வழவழப்பான பட்டையுடைய மரங்களில் மழைநீர் தண்டோடு ஒட்டி வழிந்து, சரிவாக இறங்கும் கட்டுப்பட்டையைப் பற்றிக்கொண்டு நேராகத் தூளித் துணிக்கு வந்து சேர்கிறது.

இதற்கு மருந்து ஒரு சாண் பருத்திக் கயிறு. பழைய ஷூ லேஸ்கூடப் போதும். அதைக் கட்டுப்பட்டையைச் சுற்றி இறுக்கி முடிந்து, நுனிகளைக் கீழே தொங்கவிட வேண்டும். நெற்றி விளக்கின் ஒளியில் பார்த்தால், பட்டையின் அடிவிளிம்பில் ஊர்ந்து வரும் நீர் அந்த முடிச்சில் தயங்கித் திரண்டு, கயிற்று நுனியிலிருந்து சொட்டுவது தெரியும். முடிச்சு தார்ப்பாயின் நிழலுக்குள் இருப்பது முக்கியம். வெளியே இருந்தால், அதைத் தாண்டிய பட்டையில் மீண்டும் மழை விழும். கட்டுப்பட்டையையும் தூளியையும் இணைக்கும் உலோக வளையமே நீரை வெட்டிவிடும் என்பார்கள். எனக்குப் பருத்தியின் மேல்தான் நம்பிக்கை. தார்ப்பாயைத் தாங்கும் கயிறு அதன் அடியில் ஓடுமானால், அதற்கும் இதே முடிச்சு தேவை.

நைலான் தார்ப்பாய் நனைந்தால் நீண்டு தொய்யும் என்பதால், படுக்கப் போகுமுன் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு. மழையில் முதலில் விரிப்பதும் கடைசியில் மடிப்பதும் தார்ப்பாயாகவே இருக்கட்டும். அதைப் பையின் வெளிப்பக்கத்தில் வைத்தால், தூளிக்கு அடியில் தொங்கவிடும், வாத்திறகு அடைத்த அடிப்போர்வையில் ஈரம் ஏறாது. இறகு நனைந்து சுருங்கினால் கதகதப்பும் போய்விடும்.

மூடுபனி இரவுகளில் தார்ப்பாயை நாற்புறமும் தாழ்த்தி இறுக்குவது தவறு. மூச்சின் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். காற்று வீசும் பக்கத்தைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கத்தை உயர்த்தி வைக்கலாம். ஓடைக்கரை ரோடோடென்ட்ரான் புதர்களை விட்டுச் சற்று மேட்டில் இடம் தேடுவது நல்லது. அங்கே மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தலைக்கு மேலேயும் பாருங்கள், பூச்சித் தாக்குதலால் பட்டுப்போன ஹெம்லாக் மரங்கள் அம்மலைகளில் இன்னும் நிற்கின்றன.