நவபாஷாணத்திலிருந்து சிங்கத்தூண் வரை

தேவிபட்டினத்துக் கடலில் பெரிய அலை கிடையாது. பாக் விரிகுடாவின் ஆழமில்லாத கரை, குளம் மாதிரி கிடக்கும். ராமர் நவக்கிரகங்களைப் பிரதிஷ்டை செய்ய வந்தபோது பெருமாள் அலையை அடக்கிக் கொடுத்தார் என்கிறது தலபுராணம். கடலடைத்த பெருமாள் என்ற பெயரிலேயே கரையில் அவருக்குக் கோயில் இருக்கிறது. தண்ணீருக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. அதுதான் நவபாஷாணம்.

நவதானியத்தை வாங்கிக்கொண்டு அத்தையோடு இறங்கினேன். எனக்கு வேண்டுதல் ஒன்று இருந்தது. பாகப் பிரிவினையில் பூர்வீக வீடு என் பங்குக்கு வர வேண்டும். தூக்கத்திலும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

சில காலமாகப் பௌத்தத் தியானம் பழகி வருகிறேன். மூச்சையும் நடையையும் கவனிக்கிற பழக்கம். அதனால் சுற்றத் தொடங்கியதுமே கவனத்தைக் காலுக்குக் கொண்டுபோனேன். அடியில் பாசி வழுக்கியது. முன்னால் போனவர்கள் போட்ட உளுந்தும் கொள்ளும் ஊறிப்போய் விரலிடுக்கில் மாட்டின. குதிகால், உள்ளங்கால், விரல் என்று நடந்துகொண்டிருக்கும்போதே வீடு வந்துவிட்டது. திண்ணை, முற்றம், தம்பி அன்று பேசிய பேச்சு எல்லாம் சேர்ந்து வந்தன. நெஞ்சுக்குக் கீழே ஓர் இறுக்கம். சரி, இது இறுக்கம் என்று மட்டும் பார்த்தேன். விரட்டவில்லை, அதன் பின்னாலும் போகவில்லை. இன்னும் நாலு எட்டு வைப்பதற்குள் தளர்ந்தது. திரும்ப வந்தது, திரும்பத் தளர்ந்தது.

துக்கம் பிறக்கிற சங்கிலியின் பன்னிரண்டு கண்ணிகளை, அதாவது நிதானங்களை, மணிமேகலைக் காப்பியம் வரிசையாகச் சொல்லும்போது நுகர்வு (உணர்ச்சி), அதையடுத்து வேட்கை, அதையடுத்து பற்று என்று வரும். ஒன்றைச் சார்ந்து அடுத்தது பிறக்கும். நெஞ்சில் வந்த இறுக்கம் நுகர்வு. ‘வீடு எனக்கே வேண்டும்’ என்பது வேட்கை. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது என்பதைப் படித்துத்தான் வைத்திருந்தேன், தண்ணீரில் நின்றபோது உடம்புக்கே தெரிந்தது. ஆசையை விடுவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது என்றே பலரும் நினைக்கிறோம். அந்த இடத்தில் நின்று பார்த்தால் அடக்க வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடுகிறது.

கரையேறியதும், “என்ன அத்தை வேண்டிக்கிட்டீங்க?” என்று கேட்டேன்.

“கேக்கறதுக்கு ஒண்ணும் தோணலப்பா. ஒம்பது பேரையும் கும்பிட்டேன்” என்று சொல்லிவிட்டு முந்தானையைப் பிழிந்தார்.

அப்புறம் ராமேஸ்வரம். கூட்டத்தோடு கூட்டமாக 22 தீர்த்தமும் ஆடி, சுவாமி தரிசனம் முடித்து, மதியத்துக்கு மேல் தனுஷ்கோடிக்கு வண்டி ஏறினோம். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். தேவாலயச் சுவர் மாதிரி சில இடிபாடுகள் இன்னும் நிற்கின்றன. அதையும் தாண்டி அரிச்சல்முனை. அமைதியாக இருக்கும் பக்கத்தைப் பெண்கடல் என்றும், இரையும் பக்கத்தை ஆண்கடல் என்றும் அங்கே சொல்வார்கள்.

சாலை முடிகிற இடத்தில் நான்கு சிங்கத் தலையோடு ஒரு தூண் நிற்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரசு முத்திரையாக மட்டுமே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அசோகர் அதன் மூலத்தூணை நிறுத்தியது சாரநாத்தில், புத்தர் முதல் உபதேசம் செய்த மண்ணில். துக்கம் உண்டு, அதற்குக் காரணம் வேட்கை, அது நீங்கும், நீங்க எட்டு அங்கமுள்ள வழி உண்டு என்பதே அந்த உபதேசம். விழிப்போடு இருப்பதும் அந்த எட்டில் ஒன்று. அசோகரின் மகன் மகிந்தர் தர்மத்தைக் கொண்டுபோன இலங்கையின் தலைமன்னார், அரிச்சல்முனையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். ராமநாத சுவாமியைக் கும்பிட்டு வந்த கையோடு அந்தத் தூணையும் கும்பிட்டேன். இரண்டும் எனக்கு ஒன்றுக்கொன்று விலக்காகத் தோன்றவில்லை.

ஆண்கடல் பக்கம் மணலில் உட்கார்ந்து மூச்சைப் பார்த்தேன். வீடு மறுபடி வந்தது. இந்தத் தடவை திண்ணையில் தம்பி அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டிருந்தான். பத்திரத்தையே நினைத்துக்கொண்டிருந்த இத்தனை மாதத்தில் அந்த முகம் ஒரு நாளும் வந்ததில்லை.

சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. “பத்திரம் கித்திரம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்டா. அம்மா திதிக்கு வீட்டுக்கு வரட்டுமா?” என்று கேட்டேன்.

“வாண்ணே. இதெல்லாமா கேப்ப?” என்றான்.