கலப்பினப் பூக்களும் ஒரு கண்ணாடிக் குடுவையும்

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குள் போகக் கட்டணம் கிடையாது. அதனுள்ளே 1995-இல் திறக்கப்பட்ட தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். அங்கே கூட்டம் அதிகம் நின்று படம் எடுப்பது, அந்நாட்டுக்கு வந்துபோன தலைவர்களின் பெயர் சூட்டப்பட்ட கலப்பினச் செடிகளுக்கு முன்னால்தான். நெல்சன் மண்டேலாவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் இருப்பது யாருக்கும் சுவையான செய்தியே. ஆனால் அந்தக் கலப்பினங்கள் மனிதர் உருவாக்கியவை. அவற்றுக்கென்று இழக்க ஒரு காடு இல்லை. இவ்வளவு பூக்களைக் கண்டு திரும்புகிறவர், ஆர்க்கிட்டுகளுக்கு எந்தக் குறையும் இல்லை என்று எண்ணிக்கொண்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்தத் தவறான எண்ணத்தை மாற்றும் கதையும் அதே பூங்காவில்தான் இருக்கிறது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் தூசி போன்ற விதைகள் இலட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் முளைக்குத் தேவையான உணவு அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. காட்டில் அவை முளைக்க வேண்டுமானால் ஏற்ற பூஞ்சை ஒன்று அவற்றுடன் சேர்ந்து உணவூட்ட வேண்டும். கண்ணாடிக் குடுவைக்குள், சர்க்கரையும் உப்புச்சத்துகளும் கலந்த அகர் என்ற கடற்பாசிக் கூழில், பூஞ்சையின் துணையின்றியே அவற்றை முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். அந்த முறையைக் கைக்கொண்டு 1928-இல் பூங்காவின் அப்போதைய இயக்குநர் எரிக் ஹோல்ட்டம் சிங்கப்பூரில் தொடங்கிய கலப்பின வேலையின் தொடர்ச்சிதான் இன்று நாம் பார்க்கும் வண்ணக் குவியல்.

பிற்காலத்தில் காட்டு ஆர்க்கிட்டுகளை மீட்கவும் அதே குடுவை முறை உதவியது. உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட் எனப்படும் புலி ஆர்க்கிட், சிங்கப்பூர்க் காடுகளிலிருந்து அற்றுப்போயிருந்தது. பூங்காவிலோ 1861-இல் நடப்பட்ட ஒரு புலி ஆர்க்கிட் உயிரோடு இருந்தது. விதையிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த நாற்றுகளை 1999 முதல் பூங்காக்களிலும் சாலையோர மரங்களிலும் பொருத்தி வருகிறார்கள். இன்று அந்த மரங்களுக்குக் கீழே நடப்பவர்களில் சிலர், செடி மரத்தின் சாற்றை உறிஞ்சுகிறது என்றே நினைக்கக்கூடும். அது ஒட்டுண்ணி அன்று, தொற்றுத் தாவரம்; மரத்தில் தங்குகிறதே தவிர மரத்தைத் தின்பதில்லை. மண்டேலா ஆர்க்கிட்டின் பக்கத்தில் நாற்றுகள் நிறைந்த ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்து, இந்த இரண்டு வேலைகளும் ஒரே முறையில் நடந்தவை என்று நாலு வரி எழுதிவைத்தால், எத்தனை விளக்கப் பலகைகளும் செய்யாததை அது செய்யும் என்பது என் கணிப்பு.

சொல்லத் தயங்கும் செய்தி ஒன்றும் உண்டு. ஆர்க்கிட்டுகளை அழிப்பது காடழிப்பு மட்டும் அன்று. அவற்றின்மேல் கொண்ட ஆசையும்தான். நம் அகத்தியமலைப் பகுதியைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத பாபியோபெடிலம் துருரி என்ற மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட், சேகரிப்பாளர்கள் தொடர்ந்து பெயர்த்தெடுத்ததால் காட்டில் ஏறக்குறைய இல்லாமலே போனது. இன்று பாபியோபெடிலம் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின், மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடிகளை நாடு கடந்து விற்க முடியாது. பூவைக் காட்டி ஆசையைத் தூண்டும் ஓர் இடம், அந்த ஆசை எங்கே போய் முடியலாம் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டது.

ஆகவே பெயர்ப்பலகைகளில் இலத்தீன் பெயருக்கும் நாட்டுக்கும் அடுத்து இன்னும் இரண்டு வரிகள் வேண்டும்: இந்த இனம் காட்டில் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இந்தச் செடி பூங்காவுக்கு எப்படி வந்தது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் அவை தமிழிலும் இருந்தால் மகிழ்வேன். வீட்டுக்குச் செடி வாங்குகிறவரும் கடைக்காரரிடம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கலாம். ஆய்வகத்தில் வளர்த்த செடியை விற்பவருக்கு அதற்குப் பதில் சொல்வதில் சிரமம் இராது.