ஃபேன் வழியாக வந்த மழை

மே 4, 2025, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். மத்தியானம் குழாயைத் திறந்தால் அப்படியே ரசம் வைத்துவிடலாம் போல மாடித் தொட்டித் தண்ணீர் அவ்வளவு சூடு. நாலரைக்கு மேற்கே கறுத்தது. ஐந்து மணிக்குள் சூறைக்காற்று, இடி. எதிர்வீட்டுத் தகரம் ஒன்று எங்கள் வாசலில் வந்து விழுந்தது. அத்தையும் நானும் மாடியில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வற்றலை வேட்டியோடு சுருட்டிக்கொண்டு ஓடிவந்தோம். பாதி வற்றல் வேட்டியிலேயே ஒட்டிப்போனது. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஹாலில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஃபேன் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அண்டாவைக் கொண்டுவந்து கீழே வைத்தோம்.

மே 6, செவ்வாய்

மறுபடி மழை, மறுபடி ஃபேன். இந்த முறை முதல் வேலையாக மெயினை அணைத்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தார். தளத்துக்குள் வயர் போகும் பைப் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது என்றார். மேலே எங்கே இறங்கினாலும் பைப்பைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்துவிடுமாம். ஆக, ஃபேனுக்கு நேர் மேலே போய்த் தேடுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆளுக்கொரு சந்தேகம். என் வீட்டுக்காரர் தண்ணீர் தொட்டிதான் என்கிறார். அத்தைக்குப் பக்கத்து வீட்டு முருங்கை மேல் கோபம். அதன் இலை வந்து தூம்பை அடைக்கிறதாம். எனக்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் ‘இனி ஆயுசுக்கும் ஒழுகாது’ என்று சொல்லி வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனவர் மேல். தூசியைக்கூடக் கூட்டாமல் அடித்திருக்கிறார். இப்போது அது வாழை மட்டை மாதிரி உரிந்து வருகிறது.

மே 8, வியாழன்

கொத்தனார் கிடைத்தார், ஆனால் கிடைக்கவில்லை. “அழகர் மலைக்குத் திரும்பட்டும் தாயி, அப்புறம் பார்ப்போம்.” சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரையில் ஆள் தேடியது என் தப்பு.

மே 12, திங்கள்

நேற்று மூன்றுமாவடியில் எதிர்சேவை, இன்று காலை அழகர் ஆற்றில் இறங்கினார். இரண்டு நாளாக வீடு நிறைய விருந்தாளிகள். அண்டாவைப் பார்த்து நாலு பேர் விசாரித்தார்கள். ராத்திரி அரை மணி நேரம் தூறியது. ஃபேனிலிருந்து ஒரு சொட்டுகூட வரவில்லை. அப்படியென்றால், விழுகிற தண்ணீர் ஒழுகவில்லை, தேங்குகிற தண்ணீர்தான் ஒழுகுகிறது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

மே 17, சனி

கொத்தனார் வந்தார். அறுபது வயதிருக்கும். வந்தவர் கரணையை எடுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தின் நடுவில் ஊற்றிவிட்டு பீடி பற்ற வைத்தபடி அது ஓடும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூம்புப் பக்கம் போக வேண்டிய தண்ணீர் தென்கிழக்கு மூலைக்குப் போய் நின்றது. “வாட்டமே போச்சு. பத்தடிக்கு ஒன்றரை இஞ்சாவது சரிவு வேணும். மேல மேல பூசிப் பூசி மேடாக்கி வச்சிருக்கீங்க” என்றார். பூசியது நாங்கள் இல்லை என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு வேலை செய்தார். களிமண்ணால் வரப்பு கட்டி மாடியை மூன்று பாத்தியாகப் பிரித்தார். தொட்டிப் பக்கம் வெறும் தண்ணீர். ஃபேனுக்கு மேலே இருக்கும் பாத்தியில் மஞ்சள் தூள் (அத்தையின் உபயம்). தென்கிழக்கு மூலையில் சொட்டு நீலம், பாதி பாட்டில். “ராத்திரி எந்தக் கலர் சொட்டுதுன்னு பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மே 18, ஞாயிறு

அதிகாலை இரண்டரைக்கு அண்டாவில் நீலம்.

விடிந்ததும் எல்லோரும் மூலையில் போய் நின்றோம். அங்கே இருப்பது டிஷ் ஸ்டாண்ட். 2011 உலகக் கோப்பையின்போது இவர் தன் கையாலேயே டிரில் போட்டு மாட்டியது. இந்தியா கோப்பையை ஜெயித்தது. டிஷ்ஷைப் பார்ப்பதை விட்டு வருஷமாகிறது. நாலு போல்ட் மட்டும் தளத்தில் துருப்பிடித்து நிற்கின்றன. துரு ஏற ஏற இரும்பு உப்புமாம். அந்த அழுத்தத்தில் சுற்றியிருந்த கான்கிரீட் விட்டுப்போயிருந்தது. இவர் ஒன்றும் பேசாமல் கீழே இறங்கிப் போனார். அத்தை முருங்கை பற்றிய பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

மே 20, செவ்வாய்

காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கியது. பதினொன்றுக்கு மேல் மாடியில் நிற்க முடியாது. வெயிலில் கலவையும் சட்டென்று இறுகி வெடித்துவிடும் என்றார். ஸ்டாண்டைக் கழற்றி, போல்ட்டுகளை வெட்டி எடுத்து, விரிசல் நெடுகிலும் கொத்தித் திறந்தார்கள். உரிந்த வெள்ளைப் பெயின்ட் மட்டும் மூன்று சாக்கு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் காய்வதற்குள் சிமெண்ட் பால் ஊற்றி, வாட்டர் ப்ரூஃப் மருந்து சேர்த்த கலவையை அடைத்தார்கள். தளமும் கைப்பிடிச்சுவரும் சேருகிற இடத்தில் கொத்தனார் ஒரு பாட்டிலின் வயிற்றை வைத்து இழுத்து, மூலை தெரியாமல் வளைத்துப் பூசினார். மூலை இருந்தால் தண்ணீர் உட்காருமாம். பள்ளமாகிப்போன இடத்தையும் தூம்பு வரை வாட்டம் இழுத்துக் கொடுத்தார்.

அத்தை படியில் உட்கார்ந்து தேவகோட்டை வீட்டுக் கதையைத் தொடங்கினார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்களாம். மேலே தட்டோடு. “அது ஒழுகி நான் பாத்ததில்ல” என்றார். “அந்தச் சம்பளத்துக்கு இப்ப எவன் வருவான் ஆத்தா” என்றார் கொத்தனார்.

கொத்தனாருக்கு 1,100, சித்தாளுக்கு 700. ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வைக்கச் சொன்னார். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு டிஷ்காரருக்கு.

மே 24, சனி

கேரளாவில் பருவமழை தொடங்கிவிட்டதாம். வழக்கமாக ஜூன் 1-ஐ ஒட்டி வரும். 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்று செய்தியில் சொன்னார்கள். சாயங்காலம் இங்கேயும் நல்ல மழை. கொத்தனாருக்குப் பதறியடித்து போன் செய்தேன். “நனையட்டும் தாயி, காசில்லாத கியூரிங்” என்று சிரித்தார்.

மே 30, வெள்ளி

27, 28 இரண்டு நாளும் நல்ல வெயில் என்பதால், வலைத்துணி வைத்து இரண்டு கோட் அடித்து முடித்தோம். நேற்று ராத்திரி பெய்தது ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. டார்ச்சோடு மாடி ஏறிப் பார்த்தேன். மூலையில் தண்ணீர் நிற்கவில்லை, தூம்பில் கொட்டிக்கொண்டிருந்தது. ஹாலில் சத்தமே இல்லை. கூரையில் அந்த நீலக் கறை மட்டும் இருக்கிறது. நன்றாகக் காயட்டும், ஒரு மாதம் கழித்து வெள்ளையடித்துக் கொள்ளலாம்.

அண்டாவும் ஃபேனுக்குக் கீழேயேதான் இருக்கிறது. கத்திரிதான் முடிந்துவிட்டதே, எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்த்தா, ஐப்பசி போகட்டும்” என்கிறார் அத்தை.