டியர்போர்ன் கணக்கு

2024 பிப்ரவரி 27 அன்று மிச்சிகன் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்வதற்கான பிரைமரி நடந்தபோது, வாக்குச்சீட்டில் பைடன் முதலானோரின் பெயர்களோடு ‘அன்கமிட்டெட்’ என்றொரு வரியும், அதன் அருகே மையால் நிரப்புவதற்கு ஒரு சிறிய நீள்வட்டமும் இருந்தன. நம் நோட்டாவைப் போலத் தோன்றினாலும் அது வெறும் மறுப்பன்று. போதிய வாக்குகள் விழுந்தால், எந்த வேட்பாளருக்கும் கட்டுப்படாத பேராளர்களைக் கட்சி மாநாட்டுக்கே அனுப்பிவிடலாம். இஸ்ரேலில் சுமார் 1,200 பேரைக் கொன்ற ஹமாஸ் தாக்குதலுக்குப் பின் தொடங்கிய போரில், காசாவின் சுகாதார அமைச்சகக் கணக்குப்படி இறந்தோர் 30,000-ஐ நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. இஸ்ரேலுக்குத் துணைநின்ற பைடன் அரசிடம் போர்நிறுத்தம் கோரியவர்கள் அந்த நீள்வட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது 10,000 வாக்குகள். 2016-இல் டிரம்ப் அம்மாநிலத்தை வென்ற வித்தியாசம் 10,704 என்பதால் அந்த எண். விழுந்தவையோ ஒரு லட்சத்துக்கும் மேல், ஏறத்தாழ 13 விழுக்காடு. (ஒபாமா போட்டியின்றி நின்ற 2012-லேயே இந்த வரிக்கு 11 விழுக்காடு அளவில் கிடைத்திருந்தது, ஆனால் எண்ணிக்கையில் அது 20,000 சொச்சம்தான்.)

ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டுக்கு நாடெங்குமிருந்து வந்த இத்தகைய பேராளர்கள் சுமார் 30 பேர், மேடையில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கர் பேச வேண்டும் என்று கேட்டார்கள். ஹமாஸிடம் பணயக்கைதியாக இருந்த இளைஞரின் பெற்றோருக்கு அம்மேடையில் இடம் கிடைத்தது. அது நியாயமே, அவர்களும் காசாவின் துயரைக் குறிப்பிட்டே பேசினார்கள். பேராளர்களின் கோரிக்கை மட்டும் மறுக்கப்பட்டது. அவர்கள் அரங்குக்கு வெளியே நடைபாதையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ருவா ரொம்மான், தாம் பேச எழுதி வைத்திருந்ததை மறுநாள் வெளியில் நின்று வாசித்தார். அந்த உரை, பைடன் விலகியபின் வேட்பாளரான கமலா ஹாரிஸை வெற்றிபெறச் செய்ய வேண்டும் என்றே சொன்னது என்பதுதான் இதில் எனக்கு இன்றும் விளங்காத இடம். தனக்காக வாக்குக் கேட்கவிருந்த ஒருவரை ஒரு கட்சி வாசலிலேயே நிறுத்திவைத்தது.

நவம்பர் அதிபர் தேர்தலில், மிச்சிகனில் அரபு வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் டியர்போர்ன் நகரில் டிரம்புக்குச் சுமார் 42 விழுக்காடும், ஹாரிஸுக்கு 36 விழுக்காடும், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்கு 18 விழுக்காடும் கிடைத்தன. உடனே, ‘நீங்கள்தான் டிரம்பைக் கொண்டுவந்தீர்கள்’ என்று அந்நகரத்தாரை ஏசும் குரல்கள் எழுந்தன. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மிச்சிகனில் வித்தியாசம் ஏறத்தாழ 80,000. அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் அம்மாநிலத்தின் 15-ஐ ஹாரிஸ் பெற்றிருந்தாலும் அவருடைய 226 என்பது 241 ஆகியிருக்குமே தவிர, தேவையான 270-ஐ எட்டியிருக்காது. அவர் தோற்றது இழுபறி மாநிலங்கள் ஏழிலும் அல்லவா?

அதற்காக டிரம்புக்கு வாக்களித்த டியர்போர்ன்காரர்களின் கணிப்பு சரியாகிவிடாது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு அவர் அந்நகர உணவகம் ஒன்றுக்கு வந்து கை குலுக்கிப் போனார். 2025 பிப்ரவரியில் நெதன்யாகுவை அருகில் வைத்துக்கொண்டு, காசாவை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும், அங்குள்ளோர் வேறு நாடுகளுக்குப் போகலாம் என்றார். ‘டிரம்புக்கான அரபு அமெரிக்கர்கள்’ என்ற அமைப்பு அத்தோடு தன் பெயரில் ‘டிரம்பு’க்குப் பதில் ‘அமைதி’யைப் போட்டுக்கொண்டது.

காசா குறித்த இந்தச் சண்டையை இரு கட்சிகளுக்கு நடுவிலானதாகவே நம் ஊடகங்கள் சொல்லிப் பழகிவிட்டன. உண்மையில் சூடு கட்சிகளுக்கு உள்ளேதான். 2025 ஜூலை இறுதியில் இஸ்ரேலுக்குத் துப்பாக்கி விற்பதைத் தடுக்க செனட் உறுப்பினர் பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் செனட்டில் 27-க்கு 70 என்று தோற்றது. அந்த 27 பேரும் ஜனநாயகக் கட்சி வரிசையில் அமரும் 47 பேரில் அடங்குவர். ஏப்ரலில் அவர் கொண்டுவந்த இதேபோன்ற தீர்மானத்துக்கு ஆதரவாக எழுந்த கைகள் 15 மட்டுமே.