பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் ஆட்டத்தை எங்கிருந்து தேட வேண்டும்?

பழைய பிக்கப் வண்டியில் ஸ்டியரிங் ஆட்டம் கண்டுவிட்டது, அதாவது வளையத்தைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத வெற்றசைவு வந்துவிட்டது என்று சொன்னதும், பல பட்டறைகளில் கை நேராகப் போவது, வளையத்தின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் ஸ்டியரிங் பாக்ஸின் தலையில் இருக்கும் சரிசெய்யும் திருகுக்குத்தான். லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சற்று இறுக்கி, நட்டை மீண்டும் பூட்டினால் சில நிமிடங்களில் ஆட்டம் குறைந்ததுபோல் தெரியும். வண்டிக்காரரும் திருப்தியோடு கிளம்பிவிடுவார். இந்தப் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஆட்டத்தைச் சக்கரத்தில் தொடங்கி மேல்நோக்கித் தேட வேண்டும். பாக்ஸின் திருகைத் தொடுவது எல்லா வேலைகளுக்கும் கடைசியில்தான் வர வேண்டும்.

என் மைத்துனர் ஓசூர்ப் பக்கத்திலிருந்து தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு பெங்களூர் கலாசிபாளையம் சந்தைக்கு வரும் பிக்கப் ஒன்றை ஓட்டுகிறார். சட்டகத்தின் மேல் கட்டப்பட்ட பழைய வகை வண்டி அது; முன்பக்கம் சக்கரத்தைத் தாங்க மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள், கீழ் ஆர்மின் மேல் சுருள்வில், பாக்ஸ் வகை ஸ்டியரிங். சில்க் போர்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் இடையிலுள்ள மேம்பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் வண்டி தடம் மாறுகிறது, ஸ்டியரிங்கை ஓயாமல் இடமும் வலமும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறை ஒன்றில் பாக்ஸை இறுக்கிக் கொடுத்திருந்தார்கள். அதன்பின் தடுமாற்றம் குறையவில்லை. அதற்குமேல், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்புவதும் நின்றுபோனது. பீனியாவில் எந்திர உதிரிப் பாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அவர் அதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

காரணம் இதுதான். பாக்ஸின் உள்ளே இருக்கும் வார்ம் என்னும் திருகுத் தண்டும் அதனால் நகரும் செக்டர் பல்லும் சக்கரம் நேராக இருக்கும் நிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் அந்த நடுப்பகுதிதான் முதலில் தேய்கிறது. இருபுறமும் உள்ள பகுதிகள் அவ்வளவாகத் தேய்வதில்லை. நடுவில் தெரியும் ஆட்டம் முழுவதையும் திருகை வைத்தே போக்கிவிட நினைத்து இறுக்கினால், பக்கங்களில் பற்கள் பிடித்துக்கொள்ளும். முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சின் சாய்வுக் கோணமான காஸ்டர், சக்கரத்தை நேராக்க முயன்றாலும், இறுகிய பாக்ஸ் அதற்கு இடம் கொடுக்காது. வேறு இடத்தில் தேய்ந்த பாகம் தேய்ந்தபடியே இருக்க, நன்றாக இருந்த பாக்ஸும் கெட்டுப்போவதுதான் இதன் பலன்.

ஆட்டம் என்பது ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் நீளம் 150 மி.மீ. என்றும், ஸ்டியரிங்கின் மொத்த விகிதம் 18-க்கு 1 (வளையம் 18 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி) என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஆர்மைத் தள்ளி இழுக்கும் டைராடு என்ற தண்டின் முனை மூட்டான டைராடு எண்டில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் சக்கரத்தில் அது 0.4 டிகிரிக்கும் குறைவு. ஆனால் ஸ்டியரிங் வளையத்தில் அது ஏறத்தாழ 7 டிகிரியாகப் பெருகுகிறது. வளையத்தின் விட்டம் 38 செ.மீ. என்றால், விளிம்பில் 2 செ.மீ.க்கு மேல் சும்மா ஆடும். இப்படி மூன்று மூட்டுகளில் ஆளுக்கொரு மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால் 21 டிகிரி. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாகப் பார்ப்பவர், “இது பரவாயில்லை, ஓடும்” என்றுதான் சொல்வார். மூன்றையும் சேர்த்துச் சுமப்பவர் ஓட்டுநர்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி இதைப் பற்றியதே. ஸ்டியரிங் வளையத்தில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது, ஸ்டியரிங் இணைப்புகளின் பால் ஜாயின்ட்டுகளுக்கு (குண்டு மூட்டுகளுக்கு) ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டுகளும் பின்களும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 30 டிகிரி என்பது 38 செ.மீ. வளையத்தில் கிட்டத்தட்ட 10 செ.மீ. விதியின் கடைசி எல்லை அது. அதற்குள் இருப்பதாலேயே வண்டி நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. நான் மேலே சொன்ன மூன்று தேய்ந்த மூட்டுகளோடு ஓடும் வண்டியும் அந்த எல்லைக்குள் வந்துவிடும் அல்லவா? ரப்பர் மூடியைப் பற்றிய பகுதிதான் அந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்தது. மூடி கிழிந்த நாளிலிருந்து மூட்டுக்குள் மழைநீரும் மண்ணும் புகுந்து கிரீஸை வெளியேற்றுகின்றன. பிறகு நடப்பது தேய்மானம் என்பதைவிட அரைபடுதல் என்பதே சரி. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் சுரங்கப் பாதைகளையும் தோண்டிப் போட்ட தெருக்களையும் கடந்து சந்தைக்குப் போகும் வண்டிக்கு, கிழிந்த மூடி சின்னக் குறை ஆகாது.

எங்கள் ஸ்ரீராமபுரத்துப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் வயதான மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் குறையைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. முதல் சோதனைக்கு ஜாக்கியே தேவையில்லை. வண்டி தன் எடையோடு தரையில் நிற்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, மைத்துனர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு மட்டும் அசைத்துக்கொண்டே இருந்தார். மேஸ்திரி கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு போனார். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் ஒன்று அசைந்து மற்றது தாமதமாக அசைந்தால், கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். ஸ்டியரிங் தண்டின் யூ ஜாயின்ட், பாக்ஸைச் சட்டகத்தோடு பிடிக்கும் போல்ட்டுகள், பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், நடு இணைப்புத் தண்டு, மறுபக்கம் அதைத் தாங்கும் ஐட்லர் ஆர்ம், உள், வெளி டைராடு எண்டுகள் என்று எதையும் அவர் விடவில்லை. பாக்ஸின் போல்ட்டுகளைப் பார்க்க மறப்பவர்கள் பலர். பாக்ஸே சட்டகத்தில் அசைந்தால், கீழே எத்தனை புதுப் பாகம் போட்டும் பயனில்லை.

அடுத்தது தூக்கிப் பார்க்கும் சோதனை. இங்கே ஜாக்கியை எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சுருள்வில் கீழ் ஆர்மின் மேல் உட்காரும் வண்டியில், ஜாக்கியைச் சட்டகத்துக்குக் கொடுத்தால் வில் ஆர்மைக் கீழே அழுத்தி, ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டை இறுக்கமாகவே வைத்திருக்கும். தேய்ந்த ஜாயின்ட்டும் நல்ல ஜாயின்ட்டைப் போல நடிக்கும். கீழ் ஆர்மின் அடியில், பால் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொடுத்துத் தூக்கினால்தான் அதன் மேலுள்ள சுமை விலகும். சட்டகத்துக்குக் கீழே ஸ்டாண்டும் வைத்தாக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையையோ தலையையோ உள்ளே விடக் கூடாது. பின்பு சக்கரத்தின் மேல்புறமும் கீழ்புறமும் கை வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மறுபடியும் ஆட்ட வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கரத்தைச் சுழலவிடும் ஹப் பேரிங்கில். மறையாமல் நின்றால் பால் ஜாயின்ட்டில். பால் ஜாயின்ட்டுக்குப் பதிலாகக் கிங் பின் என்னும் தண்டு உள்ள வண்டிகளுக்கும் இதே சோதனை பொருந்தும். இடப்புறமும் வலப்புறமும் கை வைத்து ஆட்டும்போது மட்டும் தெரியும் ஆட்டம் பெரும்பாலும் டைராடு எண்டைக் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் வண்டியில் ஐட்லர் ஆர்மின் புஷ் நன்றாகத் தேய்ந்திருந்தது. இடப்பக்க வெளி டைராடு எண்டின் மூடி கிழிந்து, உள்ளே துருவேறிய சேறு இருந்தது. இடப்பக்கக் கீழ் பால் ஜாயின்ட்டும் ஆடியது. வலப்பக்க ஹப் பேரிங் சற்றே தளர்ந்திருந்தது. அதற்குப் புதிது தேவைப்படவில்லை, கழுவிப் புதுக் கிரீஸ் வைத்துச் சரியாக இறுக்கினால் போதுமானதாக இருந்தது.

“மாமா, டைராடு எண்டை மட்டும் மாத்திட்டுக் கிளம்பிடலாமா? நாளைக்கு லோடு இருக்கு” என்றார் மைத்துனர். லோடு போனால் வருமானம் போகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் டைராடு எண்டோ பால் ஜாயின்ட்டோ முற்றிலும் கழன்றுகொண்டால் சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும். கீழ் பால் ஜாயின்ட் விட்டுப்போனால் வண்டியின் அந்த மூலை அப்படியே சாலையில் உட்கார்ந்துவிடும். ஆடுவது தெரிந்த பிறகு பாரம் ஏற்றி அனுப்ப நான் சம்மதிக்கவில்லை, மேஸ்திரியும் சம்மதிக்கவில்லை.

பாகங்களை ஜே.சி. சாலையில் வாங்கினோம். அங்கே ஒரே பாகத்துக்குப் பல விலைகள் சொல்வார்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைவிடப் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதே நல்லது. புது பால் ஜாயின்ட்டின் தண்டைக் கையால் அசைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும். ஓரிடத்தில் இலகுவாகவும் ஓரிடத்தில் தட்டுத்தடங்கலாகவும் நகர்ந்தால் எடுக்கக் கூடாது. ரப்பர் மூடியை வளைத்துப் பார்த்தால் நுண்ணிய விரிசல்கள் இருந்தால் தெரிந்துவிடும். நெடுநாள் கிடந்த சரக்கில் ரப்பர்தான் முதலில் கெடும். டைராடு எண்டுகளை இடம், வலம் இரண்டும் சேர்த்தே வாங்கினோம். ஒரே சாலையில் ஒரே பாரத்தோடு ஓடியவை ஆதலால் இன்னொன்றும் அதிக நாள் தாங்கப்போவதில்லை.

கழற்றும் வேலையில் அவசரம் கூடாது. டைராடு எண்டின் தண்டு கூம்பு வடிவமாக இருப்பதால், பாட்டிலில் அழுத்தி வைத்த தக்கையைப் போல ஆர்மின் துளைக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றியதும் தண்டின் மேல் சுத்தியலால் ஓங்கி அடிப்பவர்கள் மரையைத்தான் கெடுக்கிறார்கள். புல்லர் என்னும் கழற்றும் கருவி கொண்டு அழுத்தம் கொடுத்து, ஆர்மின் துளை இருக்கும் பக்கவாட்டில் ஓர் அடி கொடுத்தால், கூம்பு தானாக விடுபடும். பழைய எண்டைச் சுழற்றி எடுக்கும் முன், அதன் தண்டின் மையத்திலிருந்து டைராடில் ஒரு குறி வரையுள்ள தூரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். புதியதை அதே அளவில் பொருத்தினால், சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைவரையாவது வண்டியை ஒழுங்காக ஓட்டிச் செல்ல முடியும்.

மாட்டும்போது கூம்பும் துளையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். நட்டை அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரால் இறுக்கிய பின், நட்டு கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னுக்கான துளை நேராக வரவில்லை என்றால் நட்டை இன்னும் சற்று முன்னோக்கி இறுக்கித்தான் துளையைப் பிடிக்க வேண்டும். பின்னோக்கித் தளர்த்தவே கூடாது. பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவதும், அதற்குப் பதிலாகக் கம்பித் துண்டையோ ஆணியையோ வளைத்து விடுவதும் மன்னிக்க முடியாத சிக்கனம்.

தேய்ந்த மூட்டுகளெல்லாம் புதிதான பின்னரே மேஸ்திரி பாக்ஸின் பக்கம் வந்தார். சக்கரங்களை நேராக வைத்து, முன்பு இறுக்கப்பட்டிருந்த திருகை முதலில் தளர்த்தி, பின்னர் சிறிது சிறிதாக உள்ளே திருப்பி, ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுழற்றி எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். நல்லவேளையாகப் பற்களுக்குப் பெரிய சேதம் இல்லை.

அடுத்து டோ. முன்சக்கரங்கள் இரண்டின் முன்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்கும் பின்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்துக்கும் உள்ள வேறுபாடு அது. இவ்வகை வண்டிகளில் முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி வைப்பார்கள். டயர் விட்டம் 700 மி.மீ. என்றால், டோ 3 மி.மீ. மட்டும் தவறியிருந்தாலும், ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் இரு டயர்களும் சேர்ந்து ஏறத்தாழ 4 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகின்றன. தேய்ந்த பாகங்களை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வதால் காசுதான் வீண். எந்திரத்தில் பார்த்த அளவு முதல் வேகத்தடையிலேயே மாறிவிடும். திருத்தும்போது இரு பக்க டைராடுகளையும் சம அளவில் திருப்பச் சொல்ல வேண்டும்; ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் டோ சரியாகிவிடும், ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். கிளம்பும் முன் டைராடின் கிளாம்ப் போல்ட்டுகள் பூட்டப்பட்டனவா என்று நாமே கீழே குனிந்து பார்ப்பது நல்லது.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் சக்கர நட்டுகளையும் பாக்ஸின் போல்ட்டுகளையும் ஸ்ப்ளிட் பின்களையும் மீண்டும் ஒருமுறை பார்த்தோம், எதுவும் தளரவில்லை. ஐட்லர் ஆர்மின் கிரீஸ் நிப்பிளுக்கு ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் கிரீஸ் அடிப்பது என்று மைத்துனரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். மேம்பாலத்துக் காற்றில் இப்போது ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, வளைவுக்குப் பின் அதுவும் தானாகவே திரும்புகிறது. இடப்பக்க முன்டயரின் மேல் உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் தட்டுப்படும் தேய்மானம் மட்டும் மீளாது. அதைப் பின்பக்கம் மாற்றியிருக்கிறோம். அந்த டயர் முழுவதும் தேய்ந்து கழற்றப்படும்வரை அதன் இரைச்சல் கேட்கத்தான் செய்யும்.