தைலமரத்துக் கிளிகள்

சிட்னியின் மேற்குப் புறநகர்களுக்கு வரும் தமிழர்களுக்கு இங்குள்ள சில மரங்கள் முன்பே பழக்கமானவை. தைலமரம், சவுக்கு, சில்வர் ஓக் மூன்றுமே ஆஸ்திரேலிய மண்ணில் இயல்பாக வளர்பவை. நம் ஊருக்கு மரங்கள் மட்டும் வந்தன, அவற்றை நம்பி வாழும் பறவைகள் இங்கேயே இருந்துவிட்டன. வெஸ்ட்மீட்டில் குடியேறியதும் காலாற நடக்கலாம் என்றுதான் பரமட்டா பூங்காவுக்குப் போகத் தொடங்கினேன். கிளிகள் கண்ணில் பட்ட பிறகு கழுத்தில் பைனாகுலர் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை.

தீபாவளியை ஒட்டி இங்கே சில்வர் ஓக் பூக்கிறது. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏற்றவும் வளர்க்கிறார்களே, அதே மரம். பொன்னிறமும் ஆரஞ்சும் கலந்த பூக்கள் சீப்புச் சீப்பாகத் திறந்ததும் வானவில் லோரிகீட்டு என்ற கிளிகள் கூட்டமாக வந்து இறங்கும். நீலத் தலை, செம்மஞ்சள் மார்பு, பச்சை முதுகு, சிவந்த அலகு. கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கியபடி ஒவ்வொரு பூவிலும் நாக்கை விட்டு எடுக்கும். அந்த நாக்கின் நுனியில் பிரஷ் போல மெல்லிய இழைகள் இருக்கின்றன. தேனையும் மகரந்தத்தையும் அவற்றால் வழித்து உண்கிறது. பைனாகுலரில் பார்த்தால் நெற்றி முழுவதும் மஞ்சள் தூள் அப்பியிருக்கும். காது கிழியும் அளவுக்குச் சத்தம் போடும். எனக்கு அந்தச் சத்தமும் பிடிக்கும்.

இந்த நாக்கை நெருக்கத்தில் பார்த்தவர்கள் லோரிகீட்டுக்கு ரொட்டி போட மாட்டார்கள். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். பால்கனிக்கு வரும் கிளிக்கு ஒரு துண்டு ரொட்டியோ ஒரு பிடி சோறோ வைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் தேனுக்கும் மகரந்தத்துக்கும் அமைந்த குடலுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. பல பறவைகள் ஒரே தட்டில் வாய்வைத்தால் நோயும் பரவும். இறகும் அலகும் சிதைந்துபோகும் ஒரு வைரஸ் நோய் இங்குள்ள கிளிகளிடையே பரவலாக இருக்கிறது. உபசரிக்க ஆசை இருந்தால் ஒரு தொட்டியில் பாட்டில்பிரஷ் செடி வைக்கலாம், கிளி தானாக வரும்.

பரமட்டா பூங்கா 2010 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெருமை அங்குள்ள பழைய ஆளுநர் மாளிகைக்கும் அதன் வளாகத்துக்கும் உரியது. எனக்கு அங்கே முக்கியம் வயதான தைலமரங்கள். ஃபாரஸ்ட் ரெட் கம் என்று இங்கே அழைக்கிறார்கள். மைசூர் கம் என்ற பெயரில் தென்னிந்தியாவில் ஏக்கர் ஏக்கராக நட்டது பெரும்பாலும் இதே இனம்.

புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த அப்பாவை அப்படி ஒரு மரத்தடிக்கு அழைத்துப் போனேன். தைலமரம் என்றாலே அவருக்குக் கோபம் வரும். கிணற்று நீரையெல்லாம் குடித்துவிட்ட மரம், ஒரு குருவிகூடக் கூடு கட்டாத மரம் என்று ஊரில் பேசுவார்கள். அன்று இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். மேலே ஒரு பொந்து வாயில் மஞ்சள் கொண்டை காக்கட்டூ என்ற பெரிய வெள்ளைக் கிளி உட்கார்ந்து மரச்சிராய்களைக் கடித்துக் கீழே துப்பிக்கொண்டிருந்தது. “நம்ம ஊரில் இதை இவ்வளவு நாள் எவன் நிற்க விட்டான்?” என்றார்.

அவர் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் காகித ஆலைக்காக ஏழெட்டு ஆண்டுகளுக்குள் வெட்டிவிடுகிறோம். இங்கே ஒரு தைலமரத்தில் கிளி குடியிருக்கும்படி பொந்து விழ நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், காக்கட்டூ நுழையும் அளவு என்றால் இன்னும் கூடுதல் காலம். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. நம் பச்சைக்கிளிக்கு மரங்கொத்தியும் குக்குறுவானும் கொத்திவிட்டுப் போன பொந்து கிடைக்கும், கோபுரத்து இடுக்கும் கிடைக்கும். இங்கே கிளை முறிந்து, பூஞ்சை பிடித்து, கறையான் அரித்து, சில இடங்களில் தீயும் தின்றுதான் பொந்து உருவாக வேண்டும். பொந்துள்ள மரங்கள் குறைந்து வருவதையே நியூ சவுத் வேல்ஸ் அரசு உயிரினங்களுக்கான முக்கிய அச்சுறுத்தல்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. பட்ட கிளை அபாயம் என்று ரம்பம் வைக்கும்போது பல ஆண்டுகளாக உருவான ஒரு வீடும் சேர்ந்து போகிறது. இப்போது சில இடங்களில் பட்ட மரத்தை அடியோடு வெட்டாமல், நிற்கும் தண்டில் ரம்பத்தாலேயே பொந்து குடைந்து விடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் குளிர்கிறது.

இருக்கும் பொந்துகளுக்கும் போட்டி பலமாக இருக்கிறது. அதில் ஒரு போட்டியாளர் நம் மைனா. 1862-ல் பூச்சிகளை ஒழிக்கும் என்று நம்பி மெல்போர்னில் கொண்டுவந்து விட்டார்கள். சிவந்த தலையும் வெள்ளைக் கன்னமும் கொண்ட கிழக்கு ரோசெல்லா மாதிரி சாதுவான கிளிகளை அது பொந்திலிருந்து விரட்டிவிடுகிறது. மைனாவின் குரல் ஊர் நினைவைக் கிளறும்தான். ஆனாலும் பொந்து ரோசெல்லாவுக்குக் கிடைக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

பூங்காக்களைத் தாண்டி நான் தேடிப் போனது பளபளப்புக் கருங்காக்கட்டூவை. சிட்னிக்குத் தெற்கே சதர்ன் ஹைலேண்ட்ஸ் பகுதியில் பார்த்தேன். அது உண்பது ஏறக்குறைய சவுக்கு விதையை மட்டும். ஆகவே வானத்தைப் பார்த்துத் தேடுவதில் பயனில்லை, தரையைப் பார்க்க வேண்டும். சவுக்கடியில் கடித்துப் போட்ட காய்த்துண்டுகள் பழுப்பாக இருந்தால் பழையவை. வெளிர் நிறமாக, கையில் எடுத்தால் ஈரம் தட்டினால் பறவை மேலேயே இருக்கலாம். நான் எடுத்த துண்டில் ஈரம் இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். இடது காலில் காயைப் பிடித்து, அலகில் உருட்டி உருட்டி, சத்தமே இல்லாமல் கடித்துக்கொண்டிருந்தது. காய் உடையும் மெல்லிய ‘நறுக்’ மட்டும் கேட்டது. தலையில் மஞ்சள் திட்டுகள், ஆகவே பெண். ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். 2019-20 காட்டுத்தீயில் அதன் சவுக்குக் காடுகள் பெருமளவு எரிந்தன. 2022-ல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் வாழும் இந்தப் பறவையை அழியும் நிலையை நோக்கிச் செல்லும் இனமாக மத்திய அரசு அறிவித்தது.

புதிதாக வந்தவர்கள் அக்டோபரில் தொடங்கலாம். பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியா என்ற பறவைப் பாதுகாப்பு அமைப்பு 2014 முதல் நடத்தும் ஆஸி பேர்ட் கவுண்ட் என்ற பறவைக் கணக்கெடுப்பு அப்போது வரும். இருபது நிமிடம் ஓரிடத்தில் இருந்து, பார்த்த பறவைகளை எண்ணிச் செயலியில் பதிவு செய்தால் போதும். குழந்தைகளையும் விருந்தாக வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் கூட்டிப் போகலாம். வீட்டுத் தோட்டத்தைவிட, பக்கத்துப் பூங்காவில் இருப்பதிலேயே வயதான தைலமரத்தைத் தேர்ந்தெடுங்கள். நேர் கீழே மட்டும் உட்கார வேண்டாம், காற்றே இல்லாத நாளிலும் அது கிளையை முறித்துப் போடும். சற்றுத் தள்ளி உட்கார்ந்தால் பொந்து வாயும் நன்றாகத் தெரியும்.